குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால்: வீட்டிலிருந்து எண்டோஸ்கோப்பி அறை வரை, வரிசைப்படி

குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். "சிஸ்டர், ஒத்த ரூவா காசை முழுங்கிட்டான்" என்று ஓடி வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை செய்யும் தவறு ஒன்றுதான்: செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். முதலில் வாழைப்பழம், பிறகு தலைகீழாகத் தூக்கி முதுகில் அடி, பிறகு பக்கத்து வீட்டு யோசனை, கடைசியாக ஆஸ்பத்திரி. புதிதாக டியூட்டிக்கு வரும் இளம் டாக்டர்களும் சில இடங்களில் இதே போலத் தடுமாறுவார்கள். அந்த இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் ஆபத்து அதிகம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயது அது. விழுங்கியவற்றில் 100க்கு 80 முதல் 90 வரை தானாகவே மலத்தில் வெளியே வந்துவிடும். மீதியில் பெரும்பாலானவற்றை எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, எடுத்துவிடலாம். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும் நிலை 100க்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உங்கள் குழந்தை இதில் எந்தக் கூட்டம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் இந்த வரிசை.

0. இன்றே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

இரவு இரண்டு மணிக்கும் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்கு அருகில் எது? குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து உணவுக்குழாயிலிருந்து பொருளை எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது? இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவோ குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவோ இதைச் செய்யும். பதற்றத்தில் போன் போட்டுத் தேடும்போது அரை மணி நேரம் போய்விடும். இப்போதே விசாரித்து வையுங்கள்.

குழந்தையின் எடையும் மருந்து ஒவ்வாமை ஏதும் உண்டா என்பதும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்தின் அளவு எடையை வைத்துத்தான்.

1. முதலில் மூச்சைப் பாருங்கள்

பொருள் போயிருப்பது உணவுக்குழாயா மூச்சுக்குழாயா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டுக்கும் வாசல் ஒன்று, வைத்தியம் வேறு.

குழந்தை சத்தமாக அழுகிறது, பலமாக இருமுகிறது என்றால் காற்று போய் வருகிறது. இருமட்டும், விடுங்கள். அந்த இருமலை விடப் பலமான வைத்தியம் உங்கள் கையில் இல்லை. முதுகில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

சத்தமே வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இருமல் ஓய்ந்துவிட்டது என்றால் அடைப்பு. ஒருவர் 108க்கு அழைக்க, இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு. அது பலிக்காவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 அழுத்தம். பொருள் வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது. பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் துழாவினால் தொண்டையில் இருந்தது இன்னும் கீழே இறங்கி மூச்சுப் பாதையில் ஆப்பு அடித்தது போல உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. வேர்க்கடலையோ சீத்தாப்பழக் கொட்டையோ சாப்பிடும்போது புரையேறி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். நுரையீரலின் ஒரு கிளைக்குள் கடலை போய் உட்கார்ந்தால் முதல் இருமலுக்குப் பிறகு அமைதியாகிவிடும். பத்து நாள் கழித்து "சளி விடவே மாட்டேங்குது" என்று வருவார்கள். அதை எடுப்பது மூச்சுக்குழாய் எண்டோஸ்கோப்பியில். இனி நான் சொல்லப்போவது மூச்சு சரியாக இருந்து, பொருள் உணவுப் பாதையில் போன குழந்தைகளைப் பற்றி.

2. வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள்

வாழைப்பழம், சோற்று உருண்டை, விளக்கெண்ணெய், உப்புத் தண்ணீர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு. நான்காவது படியில் வரும்.

காரணம் மூன்று. காசு உணவுக்குழாயில் நின்றிருந்தால் மேலே போட்ட பழம் அதன் தலையில் உட்காரும். கீழே தள்ளாது. கூர்மையான பொருளாக இருந்தால் சோற்று உருண்டை அதைச் சதைக்குள் இன்னும் அழுத்தும். மூன்றாவது, மயக்க மருந்து. வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருப்பதால், அவசரமில்லாத கேஸ்களில் சாப்பாட்டுக்குப் பின் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்குப் பின் 4 மணி நேரம் காத்திருப்பார்கள். வீட்டில் கொடுத்த ஒரு வாழைப்பழத்துக்காகப் பிள்ளை நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இரைப்பைக்குள் பத்திரமாக இறங்கிய பொருள் திரும்பி வரும் வழியில் மூச்சுக்குழாய்க்குள் விழலாம். உப்புக் கரைசல் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். அது காசை விடப் பெரிய ஆபத்து.

3. என்ன பொருள் என்று கண்டுபிடியுங்கள்

ஒருவர் குழந்தையோடு கிளம்பத் தயாராகட்டும். இன்னொருவர் குழந்தை விளையாடிய இடத்தை ஐந்து நிமிடம் தேடட்டும். விழுங்கியதைப் போலவே இன்னொன்று கிடைத்தால் கையோடு எடுத்து வாருங்கள். "சின்னதா, பளபளன்னு இருந்துச்சு" என்பதை விட அந்த ஒன்று ஆயிரம் மடங்கு உதவும்.

நம் வீடுகளில் அடிக்கடி வருபவை: காசு, கொலுசுத் திருகாணி, கம்மல், அரைஞாண் கயிற்றுத் தாயத்து, ஹேர்பின், புளியங்கொட்டை, ஊக்கு. ஊக்கைத் தாலிச் சங்கிலியிலும் வளையலிலும் மாட்டி வைப்பது அம்மாக்களின் பழக்கம். மடியில் கிடக்கும் குழந்தையின் கைக்கு நேராகத் தொங்குவது அதுதான். இதைப் படிக்கும்போது உங்கள் சங்கிலியில் ஊக்கு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

விநாயகர் சதுர்த்தி சமயத்தில் குன்றிமணி வரும், களிமண் பிள்ளையாரின் கண்ணிலிருந்து. முழுசாக விழுங்கினால் அதன் ஓடு கெட்டி என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றிருந்தால் உள்ளே இருப்பது கடுமையான விஷம். மென்றதா இல்லையா என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் மென்றதாகவே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கற்பூரம், அந்துருண்டை, மாத்திரை இவையும் விஷக் கணக்கில் சேரும். அவற்றுக்கு எக்ஸ்ரே பதில் சொல்லாது. டப்பாவோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

4. பட்டன் பேட்டரி: கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காசு விழுங்கிய குழந்தைக்கு நேரம் இருக்கிறது. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் நின்ற குழந்தைக்கு இல்லை.

கார் சாவி, எடை மெஷின், எல்.இ.டி. அகல் விளக்கு, சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, வெளிச்சம் வரும் பொம்மை இவற்றில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 போன்ற லித்தியம் பேட்டரி. அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2019இல் வந்த புதிய ஒரு ரூபாய்க் காசும் அதே 20 மில்லிமீட்டர்தான். அதனால்தான் "காசு" என்று சொல்லிக் கொண்டுவந்தது எக்ஸ்ரேயில் பேட்டரியாக மாறிவிடுகிறது.

பேட்டரி உடைந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. இரண்டு பக்கமும் ஈரமான சதை தொட்டவுடன் மின்சாரம் ஓடுகிறது. எதிர்மின் பக்கத்தில், அதாவது + குறி இல்லாத குறுகலான முகத்தில், காஸ்டிக் சோடா போன்ற காரம் உருவாகிச் சதையைக் கரைக்கத் தொடங்குகிறது. 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஆகிவிடும். உணவுக்குழாயை ஒட்டியபடி முன்னால் மூச்சுக்குழாய், அருகிலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி. ஓட்டை எங்கே விழும் என்பது அந்தக் குறுகலான முகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தீர்ந்துபோன பேட்டரி என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். பொம்மையை ஓட்ட முடியாத பேட்டரியிலும் சதையைச் சுடும் அளவு மின்னழுத்தம் மிச்சம் இருக்கும்.

இப்போது அந்த விதிவிலக்கு. குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், சிரமமின்றி விழுங்க முடிய வேண்டும். மூன்றும் சரி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதாவது 10 மில்லி, தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரியின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து காரம் உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தருகிறது, அவ்வளவே. பேட்டரியை எடுப்பதற்கு அது மாற்று இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. போட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வர வாய்ப்புண்டு. வீட்டில் தேன் இல்லாவிட்டால் கடை தேடி வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் "பேட்டரியாக இருக்கலாம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் வரிசையில் உங்களை முன்னால் கொண்டுபோய்விடும்.

5. எக்ஸ்ரே: எவ்வளவு நீளம், எத்தனை கோணம்

யாருமே பார்க்காமல் விழுங்கிய குழந்தைகளும் வருவார்கள். எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, நேற்றுவரை இட்லி சாப்பிட்ட பிள்ளை இன்று பால் மட்டும் குடிக்கிறது, காய்ச்சல் இல்லாத இருமல். இவற்றைச் சளி என்று எழுதி அனுப்பிவிடுவது இளம் டாக்டர்களிடம் நான் கண்ட பெரிய சறுக்கல். எந்த அறிகுறியும் இல்லாமல் சிரித்து விளையாடும் குழந்தையின் தொண்டைக்குக் கீழே காசு நிற்பதும் சகஜம். சந்தேகம் இருந்தால் படம் எடுத்துவிட வேண்டும்.

படம் கழுத்திலிருந்து இடுப்பு வரை வேண்டும். நெஞ்சை மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிய குழந்தைக்குக் காசு கழுத்தில் இருந்திருக்கிறது. ஒன்று தெரிந்ததும் நிறுத்திவிட்டால் கீழே இருக்கும் இரண்டாவது தப்பிவிடும்.

வட்டமாக ஏதாவது தெரிந்தால் பக்கவாட்டுப் படமும் கட்டாயம். நேர்ப்படத்தில் பேட்டரியின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு சின்னப் படிக்கட்டு போல விளிம்பு தெரியும். காசுக்கு அது இல்லை. பத்து ரூபாய்க் காசு போல இரு உலோகத்தால் ஆன காசும், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இரு காசுகளும் இரட்டை வளையம் காட்டி ஏமாற்றலாம். சந்தேகம் தீராவிட்டால் பேட்டரி என்றே நடத்துவது எங்கள் பழக்கம்.

பிளாஸ்டிக், மரம், பெரும்பாலான மீன்முள் ஆகியவை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருந்தும் குழந்தை விழுங்கத் திணறினால் கதை முடியவில்லை, எண்டோஸ்கோப்பியில் பார்க்க வேண்டும் என்று பொருள். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் உருண்டைகளும் தெரியாதவைதான். கடுகு அளவில் உள்ளே போய், குடலுக்குள் பல மடங்கு ஊதி அடைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்கேன் உதவும்.

6. எப்போது எடுப்பது: பொருளும் இடமும் சேர்ந்து முடிவு செய்யும்

உணவுக்குழாயில் இயற்கையாகவே மூன்று இறுக்கமான இடங்கள் உண்டு: தொண்டை முடியும் இடம், பெருந்தமனி குறுக்கே போகும் இடம், இரைப்பை வாசல். பெரும்பாலான காசுகள் முதல் இடத்திலேயே மாட்டுகின்றன.

உணவுக்குழாயில் பேட்டரி என்றால் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றுகூடப் பார்க்காமல் உடனே எடுப்பார்கள். இலக்கு 2 மணி நேரம். இரைப்பைக்கு இறங்கிவிட்டால் அவசரம் குறையும். ஆனாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, 20 மில்லிமீட்டர் அல்லது அதற்குப் பெரிய பேட்டரி, விழுங்கி எவ்வளவு நேரமானது என்று தெரியாத நிலை இவற்றிலெல்லாம் உணவுக்குழாயை உள்ளே பார்க்கச் சொல்வார்கள். இறங்கும் முன் அங்கே புண் ஆக்கியிருக்கலாம்.

காசு உணவுக்குழாயில் நின்று, குழந்தை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் இருந்தால் உடனே. தொந்தரவு இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள். இந்தக் காத்திருப்பில் நாலில் ஒரு காசு தானாக இரைப்பைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் இன்னொரு படம் எடுக்கிறார்கள். "காலையில எடுத்த எக்ஸ்ரே இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?" என்று பெற்றோர் கோபப்படுவதுண்டு. அந்தப் படம் உங்கள் குழந்தையை ஒரு மயக்க மருந்திலிருந்து காப்பாற்றலாம்.

ஊக்கு போன்ற கூர்மையானவை உணவுக்குழாயில் இருந்தால் உடனடியாக, இரைப்பையில் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப் பார்ப்பார்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானதோ 5, 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானதோ இரைப்பையைத் தாண்டுவது கடினம்.

காந்தத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு காந்தம் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இரண்டு போனால், அல்லது ஒரு காந்தத்தோடு ஒரு இரும்புத் துண்டு போனால், குடலின் வெவ்வேறு வளைவுகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவில் சிக்கிய குடல் சுவரை நசுக்கி ஓட்டையாக்கிவிடும். குழந்தை முதலில் நன்றாகத்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே தெரியலாம். அதனால் விளையாட்டுச் செட்டில் எத்தனை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

7. எண்டோஸ்கோப்பி அறையில் என்ன நடக்கும்

"லேசா மயக்கம் கொடுத்து எடுக்கக் கூடாதா, எதுக்கு டியூப்?" என்று கேட்பார்கள். காசை மேலே இழுத்து வரும்போது தொண்டையில் கைதவறினால் அது மூச்சுப் பாதைக்குள் விழும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்து அந்த வழியைப் பாதுகாத்த பிறகுதான் பொருளைத் தொடுவார்கள்.

வளையும் கேமராக் குழாயோ வளையாத உலோகக் குழாயோ வழியாக இடுக்கியோ சிறு வலையோ விட்டுப் பிடித்து எடுப்பார்கள். எடுத்த பின் கேமரா மறுபடி உள்ளே போகும். சுவரில் புண் இருக்கிறதா, இன்னொரு பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பேட்டரி என்றால் அந்த இடத்தில் மிக நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசல் விட்டுக் காரத்தைச் சமன் செய்வதும் உண்டு. வீட்டில் வினிகர் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

காசுக்குப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு.

8. "தானா வந்துரும், வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால்

காசு இரைப்பைக்கு இறங்கிவிட்டால் சாதாரணச் சாப்பாடே போதும். பேதி மருந்து வேண்டாம். அது காசை வேகப்படுத்தாது, குழந்தையை மட்டும் சோர வைக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வரும். சிலருக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும்.

மலத்தை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குழந்தைக்கான மலத்தொட்டியில் உட்கார வைத்து, குச்சியால் கிளறி, வடிகட்டியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நான்காம் நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவதுதான் வழக்கம். வந்ததா இல்லையா என்று தெரியாமல் போவதால் தேவையில்லாத எக்ஸ்ரே கூடுகிறது. வரவில்லை என்றால் டாக்டர் சொன்ன தேதியில் மறுபடம். 4 வாரமாகியும் இரைப்பையிலேயே இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

பச்சை நிற வாந்தி, நிற்காத வாந்தி, வயிறு உப்பிக் கல் போல ஆவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் தேதிக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.

9. பேட்டரி எடுத்த குழந்தையை வீட்டில் கவனிப்பது

பேட்டரி வெளியே வந்த பிறகும் சுட்ட சதை பல நாட்கள் கரைந்துகொண்டே போகும். மூச்சுக்குழாயோடு ஓட்டை, குரல்வளை நரம்புப் பாதிப்பு, உணவுக்குழாய் சுருங்கிப் போவது எல்லாம் நாட்கள், வாரங்கள் கழித்து வரலாம். பால் குடித்ததும் புரையேறுவது, குரல் மாறுவது, கெட்டி உணவு இறங்காமல் திரும்பி வருவது ஆகியவை அடையாளங்கள். மறு பரிசோதனைத் தேதியைத் தவற விடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட ஒன்று. பேட்டரி எடுத்த சில வாரங்களுக்குள் குழந்தை கொஞ்சமாக ரத்த வாந்தி எடுத்தாலும், அது தானாக நின்றுவிட்டாலும், மலம் தார் போலக் கறுத்தாலும் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகாதீர்கள். பெருந்தமனியில் ஓட்டை விழுவதற்கு முன் வரும் சிறு கசிவாக அது இருக்கலாம். 108ஐ அழைத்து, நெஞ்சு அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் எதிர்ப்படும் டாக்டரிடமே "இந்த மாதம் பட்டன் பேட்டரி எடுத்த குழந்தை" என்று சொல்லிவிடுங்கள்.